மூன்று புத்தகங்களும் ஒரு இடது கையும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கறிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மேகலாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் புருஷன் அருணகிரி நூற்றுப் பதினேழாம் பக்கத்தை மூன்றாவது தடவையாக வாசித்தார்.

"'ஆலை வாசலைக் கடக்கும் நூற்றுக்கணக்கான பெண்களில் ஒருத்தி மட்டும் திரும்புகிறாள். அவள் கண்கள் தேடுவது சந்தேகத்துக்கு இடமின்றி ஒரு காதலனை.' சந்தேகத்துக்கு இடமே இல்லியாம். நான் சொல்லல, புஸ்தகம் சொல்லுது."

"அத்த எழுதுனவரு என்னைப் பாத்தாரா, கண்டாரா? மூடி வெச்சிட்டுப் போய் தயிர் வாங்கினு வாங்க."

"யாருன்னு சொல்லு, போறேன்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். முப்பது வருஷமாகச் சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார், அதுதான் பேஜார். கோபமாகக் கேட்டிருந்தால் ஒரே நாளில் சண்டை போட்டு முடித்திருக்கலாம். பொண்ணைக் கட்டிக்கொடுத்து, பேரன் பள்ளிக்கூடம் போகிற காலத்திலும் அந்தக் கேள்வி மட்டும் வயசாகாமல் கிடந்தது. இப்போது அதற்கு அச்சடித்த சாட்சி வேறு கிடைத்துவிட்டது, மனுஷன் விடுவாரா?

விஷயம் இதுதான். தொண்ணூற்று மூன்றில் தணிகைவேல் என்கிற டைரக்டர் ஆம்பூருக்குப் படம் எடுக்க வந்தார். படத்தின் பெயர் 'ஐந்தரைச் சங்கு'. மேகலா வேலை பார்த்த ஷூ கம்பெனியில்தான் கடைசிக் காட்சி. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, பேஸ்டிங் லைனில் தோலுக்குப் பசை தடவுகிற வேலை. வாட்ச்மேன் ரூம் மொட்டைமாடியில் கேமராவை ஏற்றி வைத்துக்கொண்டு, மைக்கில் எல்லாப் பெண்களுக்கும் சொன்னார்கள்: சங்கு ஊதினதும் எப்பவும் போல கேட்டைத் தாண்டிப் போய்க்கிட்டே இருங்க, முதுகுதான் தெரியணும், ஒருத்தரும் திரும்பக் கூடாது. நானூறு பேர் ஒழுங்காகப் போனார்கள். மேகலா திரும்பினாள். காரியத்தைக் கெடுத்துட்டோம், திட்டப் போகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் டைரக்டர் கைதட்டிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார். படத்துக்கு டெல்லியில் விருது கிடைத்தது. ஆம்பூரில் ஒரு வாரம் ஓடியது. கல்யாணமான புதிதில் அருணகிரி அவளைக் கூட்டிப் போனார். இருட்டுக்குள்ளே ஒரு நொடி தன் முகத்தைப் பார்த்து அவள் வெட்கப்படுவதற்குள் பக்கத்திலிருந்து முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்துவிட்டது. "யாரைப் பாத்த?"

அவளுக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

போன ஞாயிறு காட்பாடி யுனிவர்சிட்டியில் பாடம் எடுக்கிற பாரதி என்ற பெண் வீட்டைத் தேடிக்கொண்டு தேவலாபுரத்துக்கே வந்துவிட்டாள். செத்துப்போன அந்த டைரக்டரைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். ஏற்கெனவே மூன்று பேர் எழுதிவிட்டார்கள், மூன்றிலும் மேகலாவுக்குத் தனி இடம். "அவர் உங்களைத் திரும்பச் சொல்லும்போது என்ன சொல்லித் திரும்பச் சொன்னார்மா?" என்று கேட்டாள். "அவரு எங்கம்மா சொன்னாரு, திரும்பாதன்னுதான் சொன்னாரு" என்றாள் மேகலா. பாரதியின் கையிலிருந்த டீ சேலையில் கொட்டியது. மூன்று புத்தகமும் அதை டைரக்டரின் மேதைமை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தன. "அப்ப ஏம்மா திரும்பினீங்க?" என்றாள் பாரதி. ஒரு வாரம் டைம் குடும்மா, யோசிச்சிச் சொல்றேன் என்று மேகலா சொல்ல, அவள் மூன்று புத்தகங்களையும் அன்பளிப்பாக வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஒரு வாரமும் மேகலாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது. மத்தியானச் சாப்பாட்டு மணியில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். இப்போது அவள் செக்கிங்கில் இருக்கிறாள். வலது ஷூவையும் இடது ஷூவையும் சேர்த்து வைத்து, தையலில், நிறத்தில், சுருக்கத்தில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் தள்ளிவிடுகிற வேலை. அந்தக் கண்ணோடுதான் புத்தகங்களையும் பார்த்தாள். முதல் புத்தகம் காதலன் என்றது. இரண்டாவது, அவள் பார்ப்பது நம்மைத்தான், தொழிலாளி வர்க்கம் உலகத்தைக் கேட்கிற கேள்வி அது என்றது. அது அவளுக்குப் பிடித்திருந்தது, இரண்டு தரம் படித்தாள். மூன்றாவது, அவள் இழந்துவிட்ட கிராமத்தைத் திரும்பிப் பார்க்கிறாள் என்றது. கிராமமா? அந்தப் பக்கம் லேடீஸ் கக்கூஸ் அல்லவா இருந்தது!

பக்கத்து மேஜை தில்ஷாத்திடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனாலும், தன் ஒரு கழுத்துத் திருப்பத்துக்கு இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், தனக்கே தெரியாமல் இருப்பது என்ன நியாயம் என்றும் தோன்றியது. இன்னொரு பக்கம் பயமும் இருந்தது. அந்தக் காலத்தில் கட்டிங் செக்‌ஷனில் கோவிந்தசாமி என்று ஒருவன் இருந்தான். சுருட்டை முடி. இவளைப் பார்ப்பான், இவளும் பார்த்திருக்கிறாள், பொய் சொல்வானேன். ஒருவேளை நிஜமாகவே அவனைத்தானோ? அப்படி இருந்துவிட்டால் நூற்றுப் பதினேழாம் பக்கத்தோடு மிச்சக் காலத்தையும் ஓட்ட வேண்டியதுதான்.

பதினோரு மணிக்கு பாரதி வந்தாள். தயிரோடு அருணகிரியும் வந்து சேர்ந்தார், இந்த வேலையை விட்டுவிட்டு அவர் வேறெங்கே போவார். பாரதி பையிலிருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்தாள்.

"பழைய புத்தகத்துல எல்லாம் உங்க முகத்தை மட்டும் வெட்டிப் போட்டுட்டாங்கம்மா. நான் ஃபிலிமிலிருந்து முழுசா எடுத்துட்டேன். பாருங்க."

மேகலா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஏகப்பட்ட முதுகுகள், பின்னல்கள், தூக்குவாளிகள். நடுவில் அவள் முகம், அதை அவளுக்குத் தெரியும், மூன்று புத்தகத்திலும் பார்த்துச் சலித்த முகம். ஆனால் கழுத்துக்குக் கீழே இருந்ததை அவள் பார்த்ததே இல்லை. இடது கை பின்னால் நீண்டிருந்தது. முழங்கையை லேசாக மடித்து, உள்ளங்கையை மேலே காட்டி, விரல்களை விரித்து வைத்திருந்தாள். யாரும் இல்லாத இடத்தில்.

அவளுடைய இடது கை, போட்டோவைப் பிடித்திருந்த கைதான், தானாகக் கீழே இறங்கி அதே மாதிரி விரிந்தது. அந்த அளவு அதற்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு உயரம், எவ்வளவு மடிப்பு, எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது.

"ஐயோ" என்றாள்.

"ஞாபகம் வந்துடுச்சாம்மா?" பாரதி பேனாவை எடுத்துவிட்டாள்.

"ஒருத்தரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

அருணகிரியின் சிரிப்பு நின்றுபோனது. "யாரை?"

அவர் முகத்தைப் பார்க்க மேகலாவுக்குப் பாவமாக இருந்தது. முப்பது வருஷம் விளையாட்டாகக் கேட்ட மனுஷன், பதில் வரப்போகிறது என்றதும் இப்படி வெளிறிப்போய்விட்டாரே. "ஷஹீன் பானுவை" என்றாள்.

"ஷஹீனா? கால் விந்தி நடக்கும்னு சொல்லுவியே, அந்தப் பொண்ணா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். நிம்மதியா ஏமாற்றமா என்று அவருக்கே புரியவில்லை போல. "நானும் வரட்டா?"

"வேணாம். நீங்க நூத்திப் பதினேழப் படிச்சிக்கினு இருங்க."

பேஸ்டிங் லைனில் அவளும் ஷஹீனும் ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். அப்படி ஒரு தோஸ்த்து. போலியோ வந்த கால் ஷஹீனுக்கு, கூட்டத்தில் தள்ளுமுள்ளு ஆகும் என்று தினமும் சங்கு ஊதினதும் மேகலா முன்னால் நடந்து கையைப் பின்னால் கொடுப்பாள், ஷஹீன் பிடித்துக்கொண்டு வருவாள். ஷூட்டிங் நடந்து பதினைந்து நாளில் ஷஹீன் வேலையை விட்டு நின்றுவிட்டாள். வாணியம்பாடியில் கல்யாணம். லைனில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது, மேகலாவுக்கு வரவில்லை. ஏன் என்று அவளுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ரோஷத்தில் அவளும் போய்க் கேட்கவில்லை. தில்ஷாத்தின் தூரத்துச் சொந்தம் ஷஹீன், விலாசம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அரை மணி நேர பஸ் பயணம். அதற்குத்தான் முப்பத்தோரு வருஷம் ஆகியிருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டதும் போட்டோவை மூன்றாம் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வாணியம்பாடியில் மசூதிக்குப் பின்சந்து, பச்சைக் கேட்டு வீடு. கதவைத் திறந்த பொம்பளை கொஞ்சம் கனத்திருந்தாள், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்திலேயே ஷஹீன் என்று தெரிந்தது.

"வா" என்றாள். 'வாடி' என்று சொல்லவில்லை.

தண்ணீர் வந்தது, சாய் வந்தது. பிள்ளை பெங்களூரில் இருக்கிறான், வீட்டுக்காரர் தொழுகைக்குப் போயிருக்கிறார், தனக்கு முட்டி வலி. விசாரிப்பெல்லாம் முடிந்தபின் மேகலா நேரடியாகவே கேட்டாள்.

"சினிமா எடுத்தாங்களே, அன்னிக்கு நீ என் கையப் பிடிச்சிக்கினுதான வந்த? இன்னா ஆச்சி?"

ஷஹீன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா? கம்பெனி கேட்டு கிட்ட வரும்போது அந்த சினிமாக்காரன் ஒருத்தன் என் தோளைப் பிடிச்சி இழுத்துட்டான். 'இந்தம்மா நொண்டுது, வரிசை கெடுது, ஓரமா நில்லும்மா'ன்னான். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் தள்ளி விட்டுட்டான். சங்கு ஊதிக்கினே இருந்துச்சி, கத்துனாலும் உனக்குக் கேக்காது. உன் முதுகையே பாத்தேன். நீ பாட்டுக்குப் போய்க்கினே இருந்த. சினிமால வர்றதுக்கு என் கைய உதறிட்டியேன்னு இருந்துச்சி. அதுக்கு மேல பாக்க முடியல மேகலா. பின்பக்க கேட்டு வழியா வீட்டுக்குப் போய்ட்டேன்."

"படம் பாக்கலியா நீ?"

"நான் எதுக்குப் பாக்கணும்?"

மேகலா புத்தகத்தைப் பிரித்துப் போட்டோவை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

ஷஹீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதலில் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கைக்கு வந்தாள். அந்த விரிந்த விரல்களின் மேல் தன் விரலை வைத்து அப்படியே இருந்தாள்.

"திரும்புனியாடி நீ?"

"திரும்புனேன். கை காலியாப் போச்சி, திரும்பிட்டேன்."

சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மேகலாவுக்கு அப்பாடா என்று இருந்தது, முப்பத்தோரு வருஷத்துக் கணக்கு தீர்ந்துவிட்டது என்றே நினைத்தாள். ஷஹீன் தலையை நிமிர்த்தினாள்.

"சரி, திரும்புன. அப்புறம் ஏன்டி வரல?"

மேகலா போட்டோவைப் பார்த்தாள். அது திரும்பியதோடு நின்றிருந்தது. படமும் அங்கேதான் முடிகிறது. மூன்று புத்தகத்தில் ஒன்றுகூட, அந்தப் பெண் அடுத்த நிமிஷம் என்ன செய்தாள் என்று கேட்கவில்லை. பாரதியும் கேட்கவில்லை. இவள்தான் கேட்கிறாள்.

"டைரக்டர் வந்து தட்டிக் குடுத்தாரு, ஷஹீன். எல்லாம் என்னைச் சுத்திக்கினாங்க. பிரியாணி பொட்டலம் குடுத்தாங்க. வேன் வந்துச்சி, ஏறிட்டேன். உன்னைத் தேடவே இல்ல. மறந்தே போய்ட்டேன். அதான் நெசம்."

ஷஹீன் போட்டோவை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் மேகலாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"கத்திரிக்கா வெச்சாங்களா?" என்றாள் கடைசியில்.

"ஆங்?"

"பிரியாணிக்குத் தொட்டுக்க."

"வெச்சாங்க."

"அந்தப் பாவிங்க எனக்கு அதையும் குடுக்கல" என்றாள் ஷஹீன். சொல்லும்போது உதடு சிரித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேகலா வாய்விட்டே அழுதாள். ஒருத்தியை ஒருத்தி தொட்டுக்கொள்ளவில்லை, நடுவில் சாய் டம்ளர்கள் இருந்தன.

நாலரை மணிக்கு மேகலா எழுந்தபோது ஷஹீனும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து புர்காவை மாட்டினாள். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன்."

"முட்டி வலின்ன?"

"வர்றேன்னா வர்றேன்."

சந்தில் டைல்ஸ் மாற்றுகிறேன் என்று நீளத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மேகலா முன்னால் நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் இடது கை பின்னால் போனது. இந்தத் தடவை அவளாகத்தான் நீட்டினாள். நீட்டிவிட்டு, திரும்பாமல், அப்படியே நின்றாள். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு ஸ்கூட்டர் ஒதுங்கிப் போனது. அதற்கப்புறம் கனமான, சூடான ஒரு கை வந்து உட்கார்ந்தது.

"பள்ளம் ஜாஸ்தி, அதுக்குத்தான்" என்றாள் ஷஹீன்.

மேகலா எட்டைப் பாதியாகக் குறைத்து நடந்தாள். பைக்குள் போன் அடித்தது, பாரதியாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் அவர். வலது கையில் புத்தகம் இருந்தது. போன் அடித்து நின்று, மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.