செங்கல் தூளில் போன வெள்ளி

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தபோது பேராசிரியைக்கு உள்ளூர இனித்தது.

பழைய உலோகத் தொழிலின் வரலாற்றை ஆராய்வது அவள் வேலை. அன்று பேசியவர் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். தங்கத்தோடு கலந்த வெள்ளியை அந்தக் காலத்தில் எப்படிப் பிரித்தார்கள் என்பதுதான் பேச்சு. தங்கத்தைத் தகடாகத் தட்டி, உப்பும் செங்கல் தூளும் தூவிச் சட்டியில் அடுக்கி, வாயைப் பூசி, தங்கம் உருகாத சூட்டில் நாள்கணக்கில் வைப்பார்கள். உப்பு வெள்ளியைத் தின்னும். தின்றதைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும். தங்கம் தனியே நிற்கும். அதுவரை யாருக்கும் மறுப்பில்லை.

"அந்தத் தூளையும் அவங்க தூக்கிப் போடல. ஈயத்தோட சேர்த்து உருக்கி வெள்ளியத் திரும்ப எடுத்திருக்காங்க" என்று சொல்லி, ஒரு கையெழுத்துப் பிரதியை ஆதாரம் காட்டினார்.

பேராசிரியை எழுந்தாள். "அந்தப் பிரதிய நான் முழுசா படிச்சிருக்கேன் சார். அப்படி ஒரு வரியே இல்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. ஆதாரம் இல்லாத உப்பும் அங்கதான்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. வாத்தியார் தன் தாள்களைப் புரட்டினார். பக்க எண்ணைக் குறித்திருக்கவில்லை. "பார்த்தேனே..." என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார். பிரதியும் பழுதுபார்க்கப் போய்விட்டதால் திரும்பப் பார்க்க வழியில்லை. அதோடு அவர் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வருஷம் பிரதி நூலகத்துக்குத் திரும்பியது. தன் புத்தகத்துக்குப் படம் எடுக்க அதைக் கேட்டு வாங்கினாள் பேராசிரியை. கடைசிப் பக்கம், பிறகு இரண்டு வெற்றுத்தாள். முன்பு படித்தபோது போலவே அங்கே மூடப்போனவள் ஏதோ நினைத்து அவற்றையும் புரட்டினாள். வேறு கையெழுத்து தொடங்கியது. முதல் தாள் கிழிந்த, தலைப்பில்லாத இன்னொரு நூலை யாரோ இதோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். சில பக்கங்களிலேயே கண்ணில் பட்டது: 'வெள்ளி குடித்த தூளை எறியாதே. ஈயம் அதை மீட்டுத் தரும்.'

முழுசாகப் படித்தேன் என்றாளே! சத்தமில்லாமல் ஒப்படைத்துவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே முகம் சுட்டது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி. வழி விடவில்லை. "இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"அக்கா, சார்கிட்ட ஒரு விஷயம்..."

"அக்கான்னு கூப்பிடாதீங்க."

"யாரா இருந்தாலும் உள்ள விடு" என்று வாத்தியாரின் குரல் வந்தது.

ஜன்னலோர நாற்காலியில் இருந்தவரிடம் கைப்பேசியை நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, உதடசைய வாசித்தார். மறுபடி வாசித்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்போ இருக்கு" என்றார். "கனவுல கண்டத நெசம்னு சொல்லிட்டேனோன்னு நெனச்சேம்மா. புத்தி தடுமாறுதுன்னு பயந்து டாக்டர்கிட்டகூடப் போனேன். மாத்திரை கொடுத்தார்."

"அதப் போட்டுட்டு உட்கார்ந்த இடத்துல தூங்கித் தூங்கி விழுந்தாரு" என்றார் மனைவி.

பேராசிரியைக்குத் தலை நிமிரவில்லை. ஒரு சபையில் அவரைத் தோற்கடித்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தாள். அவர் தன் கண்ணையே நம்பாதபடி செய்திருக்கிறாள். "மன்னிச்சிருங்க சார்" என்றாள்.

அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "அடுத்த பக்கத்த எடுத்தீங்களாம்மா? ஈயத்துலேருந்து வெள்ளியப் பிரிச்ச விதம் அங்க இருக்கணுமே."

அவள் எடுக்கவில்லை. புரட்டியும் பார்க்கவில்லை. "இல்ல சார்" என்று சொல்லும்போது கண்ணில் நீர் முட்டியது.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, தான் பாதியில் மூடிய கதையை ஒன்று விடாமல் சொன்னாள். அன்று சிரித்தவர்களில் பலர் வரவில்லை. வாத்தியாரும் வரவில்லை, விடிந்ததுமே நூலகம் போய்விட்டாராம். கடைசி வரிசையில் அவர் மனைவி மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே வெளியேறினார்.