தரையில் படாத மூட்டைகள்

தரச் சான்றிதழுக்கான படிவத்தின் பன்னிரண்டாம் வரிக்கு நேரே தோட்டக்காரி கையெழுத்துப் போட்ட மறுநிமிடமே, கொட்டகையில் இருந்த ஒன்பது காப்பி மூட்டைகளும் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றன. 'மூட்டைகள் தரையில் படக்கூடாது' என்பதுதான் அந்த வரி. அடியில் போடப் பலகை வாங்க வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்து மறந்துபோனவள், ஆய்வாளர் கேட்டதும் "படாதுங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். ஆய்வாளர் மூட்டைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, சான்றிதழில் முத்திரை குத்திவிட்டுப் போனார்.

அந்த முத்திரைக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வருஷமாக நன்றாகச் சிவந்த பழங்களை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறித்தாள், மருந்தடிப்பதை நிறுத்தினாள், விளைச்சல் குறையக் குறையப் புருஷன் முகம் கடுகடுத்தது. இந்தத் தடவையும் பழைய விலைதான் என்றால் செடிகளை அடியோடு வெட்டிவிடுவேன் என்று கோடரியைத் தீட்டிக் கதவோரம் சாத்தி வைத்திருந்தான் அவன். ருசி பார்ப்பவர்கள் நூற்றுக்கு எண்பத்தாறு போட்டார்கள். ருசியும் முத்திரையும் சேர்ந்ததால் கிலோவுக்கு ஒன்றரை மடங்கு தருவதாக வியாபாரியே ஒப்புக்கொண்டார். ஆனால் தராசும் தரைதான் என்று மூட்டை நினைத்ததோ என்னவோ, தட்டுக்கு மேலேயும் ஒரு முழம் விட்டே நின்றது. நாலு பேர் அமுக்கியும் முள் அசையவில்லை.

"கிலோவுக்கு எவ்வளவு வேணா தர்றேம்மா, கிலோ எங்க?" என்றார் வியாபாரி. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தான் சொன்ன ஒரு பொய்யே தன் செடிகளுக்கு எமனாக வந்துவிட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் படிவத்தை அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத புருஷன், அவள் அழுவதைப் பொறுக்காமல் அதை வாங்கி எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தான்.

"மூட்டைன்னுதானே போட்டிருக்கு? கொட்டைன்னு போடலையே!"

சாக்கின் தையலைப் பிரித்துக் கவிழ்த்தான். கொட்டைகள் தட்டில் விழுந்தன, முள் விறுவிறுவென்று ஏறியது, காலிச் சாக்கு கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மடங்கு விலை கைக்கு வந்தது. கோடரி விறகு பிளக்கப் போனது. இருபது வருஷம் மூட்டை சுமந்து கூன் விழுந்தவன், அதற்குப் பிறகு மூட்டைகளைக் கயிற்றில் கட்டி மாடு ஓட்டுவதுபோல ஓட்டிப் போனான். இரண்டே வருஷத்தில் முதுகு நிமிர்ந்துவிட்டது.

முத்திரை கிடைத்த ஐந்தாம் வருஷம் படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'தரத்துக்கு உரிய விலையை வாங்குபவர் குறைக்கமாட்டார்.' அதற்கு வியாபாரிதான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, அந்தரத்தில் நின்ற மூட்டைகளை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாப் படிச்சுட்டே போடுங்கண்ணே," என்றாள் அவள்.

போட்டார். அன்றிலிருந்து எவ்வளவு குறைத்துச் சொல்ல நினைத்தாலும் அவர் வாயில் சரியான விலைதான் வருகிறது. வீட்டில் வைத்தியம்கூடப் பார்த்தார்கள். இப்போது அவருக்கும் பழகிவிட்டது.