பச்சைக் கயிறு

பெட்டி அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. டென்மார்க்கிலிருந்து வந்து, குன்னூருக்குக் கீழே இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த பெண் அவள். ஆண்டு விழாவில் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் ஆட வேண்டும் என்றாள். நல்ல பெண்தான். சின்னதுகளுக்கு மூக்கைத் துடைத்துவிடுவாள், தலையில் பேன் பார்ப்பாள், தன் பெயரைக் கேட்டு யாராவது களுக்கென்று சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அவள் கேட்டதை இல்லையென்று சொல்லலாம் என்பதே அந்த இல்லத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஆட்டமோ பின்னல் கோலாட்டம். மேலே ஒரு வளையம், அதிலிருந்து தொங்கும் பன்னிரண்டு வண்ணக் கயிறு. ஒரு கையில் கயிறு, மறு கையில் கோல். பாதிப் பேர் இந்தப் பக்கமாகச் சுற்ற, பாதிப் பேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள். எதிரே வருகிற முதல் ஆளை உள்ளே புகுந்து கடந்தால் அடுத்த ஆளை வெளியே சுற்றிக் கடக்க வேண்டும். ஒழுங்காக ஆடினால் மேலே கயிறு சடையாகப் பின்னிக்கொண்டு வரும், திருப்பி ஆடினால் அவிழும். ஒருத்தி தப்பு செய்தால் போதும், எல்லாருடைய கயிறும் சிக்கிக்கொள்ளும். வளையத்தில் இன்னொரு கயிற்றுக்கு இடம் கிடையாது. பெட்டி வர வேண்டுமென்றால் ஒருத்தி போக வேண்டும்.

ராஜப்ரியா போனாள். ஏழாம் வகுப்பு, பச்சைக் கயிறு.

"நீதான் கண்ணு நெட்டை. உன் எடத்துலதான் அவங்க நிக்க முடியும்," என்றாள் வார்டன் வாசுகி. "நல்லா ஆடறதும் நீதான். நீ சொல்லிக் குடுத்தாத்தான் அவங்களுக்கு வரும்."

நன்றாக ஆடியதுதான் அவள் செய்த குற்றம். ஏனோதானோவென்று ஆடிய சாதியா தப்பித்துவிட்டாள்.

"எங்கம்மா வராங்க மிஸ்."

"வரட்டும். யாரு வேண்டாம்னது?"

அம்மா விஜயா மஞ்சூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். லீவு விட்டால்தான் பிள்ளை வீட்டுக்குப் போகலாம். பெற்றவர்கள் இல்லத்துக்குள் வந்து பார்க்க ஆண்டு விழா ஒரு நாள்தான். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் கொஞ்சம் பேசலாம். போன ஞாயிறு ராஜப்ரியா மூச்சுவிடாமல் பேசியிருந்தாள்.

"அம்மா, எல்லாரும் ஒரே மாதிரி பாவாடை, மூஞ்சி பூரா பவுடர் பூசிருவாங்க. உனக்கு அடையாளம் தெரியாது. பச்சைக் கயிறையே பாரு. அது நாந்தான்."

"சரி புள்ள. பச்சையே பாக்கறேன்," என்றாள் விஜயா. அடுத்த ஞாயிறு வருவதற்குள் விழா வந்துவிட்டது. மாற்றிச் சொல்ல வழியில்லை.

ராஜப்ரியா நேர்மையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலமானால் பெட்டியின் இடுப்பைப் பிடித்து நகர்த்தி, "உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே" என்று கூடவே நடந்தாள். பெட்டிக்கு நன்றாக வந்த தமிழே அந்த இரண்டு வார்த்தைதான். ஒத்திகையில் ஒரு தப்பும் வரவில்லை. பெட்டி அவளைத் தூக்கிச் சுற்றி, "மை டீச்சர்!" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அந்த முத்தத்தை ராஜப்ரியா பாவாடையால் துடைத்துக்கொண்டாள்.

விழாவன்று பெட்டிக்குத் தாவணி கட்டி ஊக்கு குத்துகிற வேலையும் அவளுக்கே வந்தது. குத்தி முடித்துவிட்டுத் திரை ஓரமாக எட்டிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் அம்மா. டிரங்கிலிருந்து எடுத்துக் கட்டிய சேலை மடிப்புக்கூடக் கலையவில்லை, மடியில் ஒரு சின்னப் பொட்டலம். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பிலும் கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. பெட்டி கோலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். "ப்ரியா, ஃபர்ஸ்ட் உள்ளே?"

"இல்லக்கா. இன்னிக்கு ஃபர்ஸ்ட் வெளியே."

திட்டம் போட்டு வைத்திருந்த பொய் அல்ல. வாய் சொல்லிவிட்டது. ஆனால் சொன்னதும் மனசு குளிர்ந்ததே, அது உண்மை. பெட்டி சந்தேகமே படாமல் தலையாட்டிவிட்டு மேடைக்கு ஓடினாள்.

திரை விலகியது. விஜயா பச்சைக் கயிற்றைத் தேடினாள். கண்டுபிடித்தாள். அதைப் பிடித்திருந்த கை வெள்ளைக் கை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பக்கத்திலிருந்தவள், "உங்க பொண்ணு எதுங்க?" என்று கேட்டாள்.

"உள்ளார இருக்குதுங்க," என்றாள் விஜயா. பெட்டியைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் தப்பாகிவிடுமோ என்று விஜயாவும் தட்டினாள். திரை ஓரத்திலிருந்து ராஜப்ரியா அதைப் பார்த்தாள்.

இரண்டாவது சுற்றிலேயே கயிறு சிக்கியது. சாதியா இழுத்தாள், எதிரே வந்தவளும் இழுத்தாள், ஆட்டம் நின்றது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ராஜப்ரியா காத்திருந்த நேரம் இதுதான். இப்போது ஊரே பெட்டியைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது. ஊர் சிரிக்கத்தான் செய்தது. பெட்டி கயிற்றோடு இரண்டு கையையும் தூக்கிக் குழந்தை போலச் சிரித்தாள். முன்வரிசை உருகிப்போய்விட்டது. எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். தாளாளர் ரவிச்சந்திரன் மைக்கைப் பிடுங்கி, "நம்ம குழந்தைகளோட ஒரு குழந்தையாவே மாறிட்டாங்க!" என்றார். அன்றைய விழாவில் அதற்கு விழுந்த கைதட்டல் வேறு எதற்கும் விழவில்லை.

திரை மூடியதும் மற்ற பதினோரு பேருக்கும் வாசுகி வரிசையாகத் தொடையில் கிள்ளு வைத்தாள். சாதியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பாவம், அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க," என்று பெட்டி ஆங்கிலத்தில் குறுக்கே வந்தாள். "ப்ரியா முதலில் வெளியே என்றாள். நான்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை போல."

வாசுகிக்குப் புரிந்துவிட்டது. வளையத்தை இறக்கித் தரையில் போட்டாள்.

"போட்ட முடிச்ச நீயே அவுரு. இரவல் வாங்கின சாமான், சாயங்காலம் திருப்பிக் குடுக்கணும். அவுத்துட்டு உங்கம்மாளப் பாத்துக்கோ."

காலி ஹாலில் ராஜப்ரியா உட்கார்ந்து அவிழ்த்தாள். அவசரப்பட்டு இழுக்க இழுக்கச் சிக்கல் இறுகியது. கதவுக்கு வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க மேடம், ஒரு எட்டு மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறனுங்க. மஞ்சூருக்குக் கடைசி பஸ்ஸுங்க."

"தப்புப் பண்ணியிருக்குது உங்க பொண்ணு. கயித்தையெல்லாம் சிக்கலாக்கி வெச்சிருக்குது."

விஜயாவின் குரல் தாழ்ந்தது. "அவளுக்கு ஆட வரலீங்களா? அதான் எடுத்துட்டீங்களா?"

வாசுகி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே ராஜப்ரியாவுக்கு "அம்மா!" என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் என்ன சொல்வது? கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

பஸ் நேரம் நெருங்கியது. வாசலில் பெட்டி நின்றிருந்தாள். விஜயா பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை அவள் கையில் வைத்து மூடினாள். "எம் புள்ள ப்ரியாகிட்ட குடுத்துருங்கம்மா. ஆட வரலைன்னா பரவால்லைன்னு சொல்லுங்க. அம்மா திட்டலைன்னு சொல்லுங்க." பெயரைத் தவிர பெட்டிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது. விஜயாவை இறுகக் கட்டிக்கொண்டாள்.

கடைசிச் சிக்கல் அவிழ்ந்தபோது ராஜப்ரியா வளையத்திலிருந்து கழன்ற பச்சைக் கயிற்றோடு அப்படியே கேட்டுக்கு ஓடினாள். பஸ் போயிருந்தது. ரோட்டில் யாரும் இல்லை.

பெட்டி சிரித்துக்கொண்டே வந்தாள். தலையில் புதுப் பச்சை ரிப்பன், பாதி நழுவித் தொங்கியது. "உன் அம்மா! எனக்கு! பரிசு!" என்று ஆங்கிலத்தில் சொல்லி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டிவிடச் சொல்லித் தலையைக் குனிந்தாள்.

ராஜப்ரியா கயிற்றைக் கீழே வைத்தாள். அம்மா வாங்கிவந்த ரிப்பனை எடுத்து, அந்த மஞ்சள் முடியில் இரண்டு மடிப்பு மடித்து, முடிச்சு இறுகும்வரை இழுத்துக் கட்டினாள்.

"நல்லா இருக்குதுக்கா," என்றாள்.