மதிப்பெண் கூடியதால்

ஓஹியோவின் அந்தப் புறநகரில், பள்ளி வாரியக் கூட்டத்தில் ஊர்க்காரர் யாரும் மூன்று நிமிடம் பேசலாம். வாரியம் கேட்டுக்கொள்ளும், பதில் சொல்லாது. அதுதான் விதி.

டார்லா மைக்கைப் பிடித்தாள். எதிரே வாரியத் தலைவர் கிளென், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர்.

"போன வருஷம் என் பொண்ணு டெஸ்ஸா ஒரு வரி படிக்கவே அழுவா. மிஸஸ் ஓக்லி தனியா உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தாங்க. இப்பதான் தட்டுத் தடுமாறிப் படிக்கிறா. அந்த டீச்சரையா வேலையை விட்டு அனுப்பப் போறீங்க?"

கிளென் நிதி அறிக்கையைப் புரட்டினார். பின்தங்கிய பள்ளிகளுக்குத்தான் மாநில உதவி. இந்தத் தடவை பிள்ளைகளின் மதிப்பெண் கூடிப் பள்ளி தேறிவிட்டதால், மிஸஸ் ஓக்லிக்குச் சம்பளம் தந்த அந்த உதவி நின்றது. சொத்து வரியைக் கூட்டவும் ஊர் ஓட்டுப்போட்டு மறுத்துவிட்டது.

"அப்ப உதவி வரணும்னா அடுத்த பரீட்சையில என் பொண்ணு ஃபெயிலாகணுமா? சொல்லுங்க, இன்னைக்கே புத்தகத்தைப் பிடுங்கி வெச்சுடறேன்!"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"என் புல்வெட்டி மிஷினை இரவல் வாங்க வந்தா அரைமணி நேரம் வாய் ஓயாது. இப்ப ஏன் ஊமையாயிட்டீங்க, கிளென்?"

மூன்று நிமிடம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் உட்கார்ந்ததும் மிஸஸ் ஓக்லியை நீக்க வாக்கெடுப்பு. எல்லாக் கைகளும் உயர்ந்தன; கிளென் கை கடைசியாக.

கார் நிறுத்துமிடத்தில் அவர் ஓடி வந்தார்.

"டார்லா, அவ நல்லா எழுதினா பணம் வராது."

"மோசமா எழுதினா?"

"வரும். ஆனா அது வந்து சேர்றதுக்குள்ள டெஸ்ஸா இந்தப் பள்ளிக்கூடத்தையே முடிச்சுட்டுப் போயிருப்பா."