கடைசி அறைக்குச் சுண்ணாம்பு

ஒரு கரிச் சுவரைக் காப்பாற்ற அவள் நாய் படாத பாடு பட்டிருந்தாள். அந்தப் பாட்டையெல்லாம் அண்ணன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டான்.

திங்கட்கிழமை காலை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வரிசையின் கடைசி அறைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாலு சுவரும் பளிச்சென்று வெள்ளை. சுண்ணாம்பு நெடி மூக்கில் ஏறியது. அண்ணன் உள்ளே குந்தி உட்கார்ந்து, தரையில் சிந்திய சொட்டுகளை ஈரச் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"எப்படி இருக்கு?" என்று வேறு கேட்டான்.

அவள் வாய்க்கு வந்தது எதுவும் நல்ல வார்த்தையாக இல்லை.

தேயிலைத் தோட்டத்தை மூடி வருஷக்கணக்காகிறது. கவாத்து இல்லாமல் செடியெல்லாம் மரமாகிவிட்டது. துரையின் பங்களாவையும் சுற்றியிருந்த நிலத்தையும் பொதுமக்கள் வந்து பார்ப்பதற்காக ஓர் அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. அதில் அவள் கட்டடப் பாதுகாப்பு அலுவலர். பதவியின் பெயர்தான் நீளம், அதிகாரம் ரொம்பக் கட்டை. அதிகாரமெல்லாம் தலைவரிடம் இருந்தது. அவர் எதற்கும் "நல்லதுதான், ஆனா..." என்றே ஆரம்பிப்பார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'ஆனா' என்றே பெயர்.

இந்த 'ஆனா', பங்களா மாடிப்படியில் உடைந்துபோன ஒரு மரப்பூவுக்காகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டவர். துரை குளித்த தொட்டிக்கு வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து மெருகு போட்டவர். துரை வளர்த்த நாயின் கல்லறைக்குக்கூட வேலி போட்டாயிற்று. லயன் என்று வாயெடுத்தால் மட்டும், "நல்லதுதான், ஆனா வண்டி நிறுத்த இடம் வேணுமே" என்பார். நாய்க்கு நினைவுச்சின்னம், இலை பறித்தவர்கள் இருந்த இடத்தில் கார் நிறுத்தம்! எந்த வயிறுதான் எரியாது? அவள் இதைக் கூட்டத்திலேயே கேட்டுவிட்டாள். 'ஆனா' காது கேட்காதவர் மாதிரி டீயை உறிஞ்சினார்.

கெஞ்சி, சண்டை போட்டு, கடைசியில் ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். பழைய கட்டடங்களைப் பார்வையிடும் நிபுணர் அம்மா ஒருவர் திங்கட்கிழமை வருவார். மக்கள் வாழ்ந்த அடையாளத்தோடு ஓர் அறையாவது இருக்கிறதென்று அந்த அம்மா சொன்னால் லயன் நிற்கும். இல்லையென்றால் இடித்துவிடுவார்கள். மற்ற அறைகளில் கூரை விழுந்து கொடி ஏறியிருந்தது. மிஞ்சியது கடைசி அறை ஒன்றுதான். அவளும் அண்ணனும் பிறந்து வளர்ந்த அறை. அம்மாவின் அடுப்புப் புகை ஏறி ஏறிச் சுவர் கன்னங்கரேலென்று மினுங்கும். அந்தக் கரியைத்தான் அவள் நம்பியிருந்தாள். ஒட்டடைகூட அடிக்கவிடவில்லை.

அண்ணன் பெயிண்டர். பங்களாவுக்கு அடித்ததும் அவன்தான், சாவிக்கொத்தும் அவனிடம்தான் இருந்தது. சனிக்கிழமை போனில் அவளேதான் உளறித் தொலைத்தாள்: "பெரிய மனுஷங்க வர்றாங்கண்ணே. பங்களாவைப் பார்க்க இல்ல, நம்ம வீட்டைப் பார்க்க வர்றாங்க." வீட்டுக்கு ஆள் வருகிறது என்று ஒரு பெயிண்டரிடம் சொன்னால் அவன் கையைக் கட்டிக்கொண்டா இருப்பான்?

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கே? அந்தக் கரிக்காகத்தானே இத்தனை நாளா மாரடிச்சேன்!"

"கரிக்குப் போய் யாராவது மாரடிப்பாங்களா?"

"அதுதாண்ணே அத்தாட்சி!"

"எதுக்கு அத்தாட்சி? அம்மா இருமி இருமிச் செத்ததுக்கா?" அவன் சாக்கை வீசி எறிந்தான். "வருஷா வருஷம் தோட்டத்து ஆபீஸ்ல போய்ச் சுண்ணாம்பு கேட்டு நிப்பா. நாய்க்கூண்டுக்கு அடிச்சாங்க, நமக்குக் கொடுக்கல. யாராவது வந்தா உள்ளே கூப்பிடாம வாசல்லயே பேசி அனுப்பிடுவாளே, மறந்துட்டியா? அவ மறைச்ச சுவத்தை நீ ஊரையே கூட்டி வந்து காட்டப் போறே. வர்றவன்லாம் முன்னாடி நின்னு போட்டோ புடிப்பான். நல்லா இருக்குடி உன் வேலை!"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதில் பாதி, அவன் சொல்வதில் நியாயம் இருந்ததால் வந்த ஆத்திரம். குனிந்து சாக்கை எடுத்து ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தாள். சுண்ணாம்போடு கரியும் சேர்ந்து வழிந்தது. இன்னும் தேய்த்தால் உள்ளதும் போகும். சாக்கைக் கீழே போட்டபோது வெளியே கார் வந்து நின்றது.

நிபுணர் அம்மாவோடு இறங்கிய 'ஆனா' எட்டிப் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"அடடா! நல்லாத்தான் இருக்கு. ஆனா, பழசு ஒண்ணுமே மிச்சமில்லையே," என்று நிபுணர் அம்மாவிடம் திரும்பினார். "அடையாளமே போச்சு பாருங்க. நாம என்ன செய்ய முடியும்?"

அந்த அம்மாவுக்கும் முகம் சுருங்கிவிட்டது. "யார் செஞ்ச வேலை இது?"

"நான்தாம்மா," என்று அண்ணன் எழுந்து நின்றான். "பங்களாவும் நான் அடிச்சதுதான்."

வேலைக்குச் சான்று காட்டுவதாக நினைத்துத்தான் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாம்மா, இவர்தான். காலையில பங்களாவைப் பார்த்துட்டுப் பிரமாதம்னு சொன்னீங்களாம், ஆபீஸ்ல சொன்னாங்க. அங்கேயும் இதே கை, இதே சுண்ணாம்பு. அங்கே அடிச்சா பராமரிப்பு, இங்கே அடிச்சா அடையாளம் போச்சா? அங்கே இவர் கூலிக்கு அடிச்சார். இங்கே தன் வீட்டுக்கு அடிச்சிருக்கார்."

"அது வேற, இது வேற," என்றார் 'ஆனா'.

"எப்படி வேற? சொல்லுங்க சார், கேட்டுக்கறேன்."

அவருக்கு வழக்கமாக வரும் 'ஆனா'கூட வரவில்லை.

நடுவில் அண்ணன்தான், "வெளியவே நிக்கிறீங்களே, உள்ளே வாங்கம்மா," என்றான். எவ்வளவு இயல்பாகச் சொன்னான்! அந்த வாசலில் அப்படி யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

அந்த அம்மா உள்ளே வந்தார். அடுப்புக் கற்களைப் பார்த்தார், சுவரைத் தொட்டு விரலில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்தார். எத்தனை பேர் இருந்தீர்கள், எங்கே படுப்பீர்கள் என்று கேட்டார். அண்ணன் ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் அந்த அம்மா, "கரி போனது போனதுதான். நீங்க செஞ்சது எனக்குச் சம்மதமே இல்லை," என்று அவனைக் கண்டித்தார். பிறகு தலைவரிடம், "ஆனாலும் வீட்டுக்காரர் தன் வீட்டை வெள்ளையடிச்சார்னு வீட்டை இடிக்க முடியாது. காருக்கு வேற இடம் பாருங்க. இங்கே யார் இருந்தாங்கன்னு ஒரு பலகை வைங்க," என்றார்.

கார் போனபிறகும் அவளுக்குக் கோபம் தணியவில்லை. லயன் நின்றுவிட்டது, சரி. அவள் காப்பாற்ற நினைத்தது போயே போயிற்று. ஜெயித்தவள் மாதிரியா இருந்தாள்?

"அந்தக் கரியே எல்லாத்தையும் சொல்லியிருக்கும்ணே," என்றாள் கடுகடுப்பாக. "இப்போ பலகை வச்சுச் சொல்லணும். அம்மா பேரைப் போடலாமா?"

அண்ணன் சுண்ணாம்பு அடித்த மட்டையை வாளியில் அலசிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கரி இருந்திருந்தா போட விட்டிருக்க மாட்டேன்," என்றான். "இப்ப போடு. பெரிசாவே போடு."