சின்ன டிரான்ஸ்பார்மர்

மேசைமேல் இரண்டு டிரான்ஸ்பார்மர்கள் இருந்தன. ஒன்று பாதிச் செங்கல் கனம். தூக்கினால் மணிக்கட்டு இழுக்கும். இன்னொன்று சோப்புக்கட்டி அளவுதான். இரண்டுக்கும் கம்பி சுற்றிய கடைக்காரர் எனக்கு முப்பது வருடப் பழக்கம். பெரியதை என் பக்கம் தள்ளிவிட்டுச் சின்னதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சின்னதுதான் வேணும்" என்றேன்.

"என்னய்யா, உனக்கு நான் சொல்லணுமா? ரெண்டு வால்வ வெச்சு கிட்டார் அடிச்சா இந்தச் சின்ன இரும்பு தாங்காது. கொஞ்சம் சத்தம் ஏத்தினாலே கிழியும்."

"கிழியணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? கூட்டங்களுக்கும் பள்ளி விழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டியே பிழைத்தவன் நான். எங்காவது சத்தம் கிழிந்தால் அழைக்காமலே மேடைக்குப் பின்னால் போய் நிற்பேன். இருந்த கர்வத்துக்கு அளவில்லை.

அந்தக் கர்வம்தான் என் மகளின் ஆம்ப்ளிஃபயரில் கை வைத்தது. முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய பழைய கண்ணாடி வால்வு செட் அது. கிட்டாரைச் செருகி ஓங்கி மீட்டினால், தொண்டை கட்டியவன் அழுவதுபோல் கரகரவென்று வரும். அவள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். நான் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே இருந்த குட்டி டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டேன். பெரிதாக ஒன்றைப் பூட்டினேன். திரும்பி வந்தவள் மீட்டிப் பார்த்தாள். பிசிறு இல்லாத சுத்தமான சத்தம். "நல்லாருக்குப்பா" என்றாள். அதை ஒரு மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்புறம் அவள் வாசிப்பது குறைந்தது. செட்டை யாருக்கோ கொடுத்துவிட்டாள். வேலை ஜாஸ்தி போல என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருடம் அப்படியேதான் நினைத்திருந்தேன்.

போன வாரம், மகளுக்கு இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவியிடம், "அந்த செட்டாவது இருந்தா வாசிச்சிட்டு இருப்பா" என்றேன்.

"அதக் கெடுத்ததே நீங்கதானே" என்றாள் அவள். கோபம்கூட இல்லை. "உங்க மனசு நோகும்னு சொல்லாம விட்டா. எங்கிட்ட அன்னைக்கே அழுதா."

கடையில், மனைவியிடம் வாங்கிவந்த செல்போனை எடுத்து, மகள் எப்போதோ வாசித்த பதிவைப் போட்டேன். அவர் மூன்று தடவை கேட்டார். அப்புறம் சின்ன டிரான்ஸ்பார்மரை என் பக்கம் நகர்த்தினார்.

"கரண்ட் குடுக்கிற மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரும் சின்னதா போடணும்யா. ஓங்கி அடிக்கிறப்ப வோல்டேஜ் எறங்கி சத்தம் மூச்சு வாங்குது பாரு. பெருசு போட்டா அது வராது. நாளைக்குத் தர்றேன். பாப்பா வீட்டுக்கு வந்தாச்சா?"

"வந்துட்டா."

"அப்பாடா" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சின்ன டிரான்ஸ்பார்மரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

நாலு நாளில் அதேபோல் ஒரு செட்டைக் கட்டி, ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் பூட்டி, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மத்தியான வெயில் போர்வைமேல் கிடந்தது. வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் ஆனது. மனைவி கிட்டாரை மகளின் மடியில் சாய்த்து வைத்தாள். மகள் வலது கையால் ஒரு தந்தியை மீட்டினாள். குமிழைத் திருகிவிட்டு மறுபடி ஓங்கி மீட்டினாள். சத்தம் கிழிந்தது.

என்னையே பார்த்தாள். "என்னப்பா, ரிப்பேரா இருக்கே?"

"ஆமா. எனக்குச் சரி பண்ணத் தெரியல."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா நின்னீங்கப்பா."

இடது கையால் தந்தியை அழுத்திப் பார்த்தாள். மருந்து அவளுடைய விரல் நுனிகளில் உணர்ச்சியே இல்லாமல் பண்ணியிருந்தது. தந்தி சரியாக அழுந்தாமல் மொட்டையாகத் தட்டியது. இன்னொரு தடவை முயன்றாள். கையைப் போர்வைமேல் போட்டுவிட்டாள். பிறகு, "அப்பா, இங்க அழுத்துங்க" என்றாள்.

சால்டரிங்கில் காய்த்துப்போன என் விரலை வைத்தேன்.

"இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி. ம்ம். அங்கதான். எடுத்துடாதீங்க."

மீட்டினாள். கரகரவென்று எழும்பி, மூச்சு வாங்கி, மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் முழுசாக அடங்கிய பிறகும் நான் விரலை எடுக்கவில்லை.