சொந்த ஊரில் விருந்தாளி

பிப்ரவரியில் எங்கள் அணி ஆடும் கல்லூரி ஜிம்மின் கூரை ஒழுக ஆரம்பித்தபோதே எனக்குத் தலைவலி பிடித்துக்கொண்டது. வருஷக்கணக்காக உதவிக் கோச் வேலை. நார்த் டகோட்டா பனியில் பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே போய்விட்டது. அது போதாதென்று இது வேறு.

எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரே ஓர் ஆட்டம்தான் பாக்கி. கடைசி வருஷ மாணவிகளின் ஆட்டம். ஒவ்வொருத்தியும் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தளத்தின் நடுவுக்கு நடந்து வருவாள், பூங்கொத்து கொடுப்போம், ஊரே எழுந்து கைதட்டும். அதை ஜிம்மில் வைக்க வழியில்லை; ஊர் நகராட்சி அரங்கம் அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கேதான் வில்லங்கம்.

டிசம்பரில் அதே அரங்கத்தில் நடந்த ஒரு தொடரில், நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அணியைத் தோற்கடித்திருந்தோம். தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்வு செய்யும்போது, யாருக்கும் சொந்தமில்லாத பொது அரங்கத்து வெற்றிக்கு மதிப்பு அதிகம், சொந்த அரங்கத்து வெற்றிக்குக் குறைவு. அந்த ஒரு வெற்றியை நம்பித்தான் கனவு கண்டோம். எங்கள் சங்க விதிப்படி, ஒரே அரங்கத்தில் ஒரு பருவத்தில் மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடினால் அது சொந்த அரங்கம். தொடரிலேயே மூன்று ஆடியாயிற்று. இது நாலாவது; ஆடினால் டிசம்பர் வெற்றியின் மதிப்பும் இறங்கிவிடும்.

"நாம வெளியூர் டீமா ஆடுவோம்," என்றார் தலைமைக் கோச் ஆர்லின். தலை நரைத்தும் ஒருமுறைகூட தேசியப் போட்டியைப் பார்க்காத மனுஷன். "சொந்த ஊர் டீம் போடற வெள்ளை உடுப்பை எதிர் டீம் போடட்டும், நாம கறுப்பு. விருந்தாளி பெஞ்சுல உக்காருவோம். பூ, அப்பா அம்மா, ஒண்ணும் வேணாம்."

"சட்டையை மாத்தினா விதி மாறிடுமா? சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"கேட்டா முடியாதும்பான். நீ வாயை மூடிக்கிட்டு சும்மா இரு, டெனீஸ்."

எனக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

அன்றைக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. கறுப்பு உடுப்பில் நாங்கள் நுழைந்ததும் மேல் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏய் ஆர்லின், வழி தவறி வந்துட்டியா? எந்த ஊருப்பா நீ?" எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் அணித்தலைவி ப்ரின் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அம்மா பண்ணையிலிருந்து புதுக் கோட்டு போட்டு வந்து, விஷயம் தெரியாமல் வாங்கிய பூவை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே கூசியது. ஆட்டத்தில் ஜெயித்தோம்.

தேர்வான அணிகளை டிவியில் அறிவித்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆர்லின் வீட்டில் கூடியிருந்தோம். எங்கள் பெயர் வரவில்லை. ஆர்லின் சங்கத்துக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"சட்டை என்ன கலர்னு நாங்க பாக்கறதே இல்ல சார்," என்றது ஓர் அலுத்துப்போன குரல். "நாலு ஆட்டம் ஆடிட்டீங்க, அதனால அது உங்க சொந்த அரங்கம். டிசம்பர்ல ஜெயிச்சதும் அப்படித்தான் கணக்கு."

போனை வைத்துவிட்டார்கள். உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்தது பெரிய தட்டில் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்போ அது எங்க அரங்கம்தானா, கோச்?" என்றாள் ப்ரின்.

"ஆமா."

"அப்படின்னா எங்கம்மா என்கூட நடந்து வந்திருக்கலாமே."

ஆர்லின் டிவியை அணைத்தார். என்னைப் பார்த்தார். நான் என் கோட்டை எடுத்துக்கொண்டு அவளோடு வெளியே போய்விட்டேன்.